வானொலி நிலையத்துக்கு மிக்ஸிங் கன்சோல்: எந்த நிறுவனத்தை, எதை வைத்து ஒப்பிடுவது?

காசிமேடு துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு மாடி வீட்டின் முதல் தளத்தில் இரண்டு அறைகளை வானொலிக் கூடமாக மாற்றியபோது, கன்சோல் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எத்தனை மைக் செருகலாம், எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, கச்சேரி மேடைகளில் வைக்கும் மிக்ஸர் ஒன்றை வாங்கி வந்தோம். முதல் நேரலையில் மீன் விற்கும் பெண்மணி ஒருவர் தொலைபேசியில் வந்தார். "அக்கா, நான் பேசுறது எனக்கே திரும்பி வந்து கேக்குதுக்கா, நீங்க சொல்றது ஒண்ணும் புரியல" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அவர் தொடர்பைத் துண்டித்துக்கொண்டார். ஐஸ் விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசுவதற்காக அவர் அழைத்திருந்தார். அந்தப் பேச்சு அன்று ஒலிபரப்பாகவே இல்லை. மிக்ஸரில் எந்தப் பழுதும் கிடையாது. வானொலிக்காகச் செய்யப்படாத ஒரு கருவியை வானொலிக்கு வைத்ததுதான் பிழை.

அதன் பிறகு பல நிறுவனங்களின் கன்சோல்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வானொலி கன்சோலின் தரத்தை அது எத்தனை வேலை செய்கிறது என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது. தனியாக அமர்ந்து நிகழ்ச்சி நடத்தும் ஒருவரை எத்தனை தவறுகளிலிருந்து அது தானாகவே காப்பாற்றுகிறது என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். அதற்கு அடுத்தபடியாக, பழுதானால் அதைச் சென்னையிலேயே சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் இவ்விரண்டுக்கும் பிறகுதான் வருகிறது.

முதலில் உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

விலைப்பட்டியலைக் கையில் எடுக்கும் முன், காலை முதல் இரவு வரை உங்கள் கூடத்தில் நடக்கப்போவதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் கடல் வானிலை அறிவிப்பும், சுய உதவிக் குழுப் பெண்கள் மூவர் சுற்றி அமர்ந்து பேசும் நிகழ்ச்சியும், வியாசர்பாடிக் கால்பந்துப் பிள்ளைகளின் பேட்டியும், டோலக்குடன் இரண்டு கானா பாடகர்களும் இருந்தார்கள். ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டிய மைக்குகள் நான்கு, கணினியிலிருந்து வரும் பாட்டுக்கும் விளம்பர ஒலிக்கும் தனித்தனியே இரண்டு வழிகள், தொலைபேசிக்கு ஒன்று, நேயர்கள் அனுப்பும் குரல் பதிவுகளை ஒலிக்கவிடும் கைபேசிக்கு ஒன்று. ஆக எட்டு ஃபேடர்கள், அதாவது ஒவ்வொரு வழியின் ஒலி அளவையும் ஏற்றி இறக்கும் நகர்த்திகள். பதினாறு ஃபேடர் உள்ள பலகையை விற்க வருபவரிடம் இந்தத் தாளைக் காட்டினால் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும்.

சமுதாய வானொலி உரிமம் பெற்றவர்கள் இன்னொன்றையும் தாளில் சேர்க்க வேண்டும். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை மூன்று மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும் என்பது உரிம விதி. ஆகவே டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் வெளியீட்டைத் தவிர, பதிவுக் கணினிக்கென்று தனியாக ஒரு வெளியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கம்பியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று எண்ணினால், பதிவுக் கணினியில் ஏற்படும் இரைச்சல் ஒலிபரப்பிலும் வந்து சேரக்கூடும்.

கட்டாயம் இருக்க வேண்டியவை

முதலாவது, ஆன் பொத்தான். மேடை மிக்ஸரில் ஃபேடரை ஏற்றினால் ஒலி வரும், இறக்கினால் நிற்கும். வானொலி கன்சோலில் ஒவ்வொரு வழிக்கும் ஃபேடருக்குக் கீழே தனியாக ஒரு ஆன் பொத்தான் இருக்கும். மைக் வழியைத் திறந்தவுடன் மூன்று வேலைகள் தாமாக நடக்க வேண்டும்: கூடத்தில் உள்ள ஒலிபெருக்கி மௌனமாக வேண்டும், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய வேண்டும், தொகுப்பாளருக்கு ஹெட்ஃபோனில் ஒலி தொடர வேண்டும். ஒலிபெருக்கி மௌனமாகாவிட்டால் அதன் சத்தம் மைக்கில் புகுந்து ஊளையிடும். "பேசும் முன் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டலாம். ஆனால் பதற்றத்தில் இருக்கும் புதியவர் சுவரைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, தொலைபேசிக்கான மிக்ஸ் மைனஸ். அழைப்பவருக்கு நாம் திருப்பி அனுப்பும் ஒலியில் அவருடைய சொந்தக் குரலைத் தவிர மற்ற எல்லாம் இருக்க வேண்டும். அவர் குரலும் அதில் கலந்துவிட்டால், கைபேசி வலையமைப்பின் தாமதத்தோடு அது அவர் காதுக்கே திரும்பிச் செல்லும். எந்த மனிதராலும் அதைக் கேட்டுக்கொண்டே கோர்வையாகப் பேச முடியாது. எங்கள் மீன் விற்கும் அக்காவுக்கு நேர்ந்தது அதுதான். வானொலி கன்சோல்கள் இந்தக் கழித்தலைத் தாமே செய்துகொள்கின்றன. மேடை மிக்ஸரிலும் இதை ஒருவாறு செய்ய முடியும்: ஆக்ஸ் எனப்படும் கூடுதல் வெளியீட்டைத் தொலைபேசிக்கு அனுப்பி, எல்லா வழிகளின் ஆக்ஸ் குமிழையும் திறந்து, தொலைபேசி வழியின் ஆக்ஸ் குமிழை மட்டும் முழுவதும் மூடிவிட வேண்டும். அந்த ஆக்ஸ் ஃபேடருக்குப் பிந்தையதாக இருப்பது நல்லது. முந்தையதாக இருந்தால், மூடிய மைக் முன் நீங்கள் உங்களுக்குள் பேசுவதும் அழைப்பவருக்குக் கேட்கும். ஆறு மாதம் நாங்கள் இப்படித்தான் ஓட்டினோம். யாராவது ஒருவர் துடைக்கும்போது அந்தக் குமிழ் சற்றுத் திரும்பிவிட்டால் எதிரொலி மீண்டும் வந்துவிடும். இறுதியில் அதன்மேல் ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து டேப் ஒட்டி வைத்தோம்.

மூன்றாவது, கியூ. ஒலிபரப்பில் போகும் முன் ஒரு பாட்டையோ, காத்திருக்கும் நேயரையோ தனியாகக் கேட்டுப் பார்க்கும் வசதி இது. கட்டாயம் இல்லாத ஒன்றும் உண்டு: ஃபேடரை ஏற்றியதும் அல்லது பொத்தானை அழுத்தியதும் கணினியில் பாட்டு தொடங்கும் இணைப்பு. இது வசதிதான், இல்லாமலும் நடத்தலாம். அளவுமானியைப் பற்றி ஒரு சொல்: வி.யூ. மானி ஏறத்தாழ 300 மில்லி விநாடியில் நிலைக்கு வருவதால் சராசரி ஒலியைக் காட்டும், பி.பி.எம். மானி 10 மில்லி விநாடி அளவிலேயே எகிறும் உச்சங்களைக் காட்டும். டோலக் அடிக்கும் நிகழ்ச்சிகள் உங்களிடம் இருந்தால் இந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியம்.

நிறுவனங்களுக்குள் வருவோம்

ரிச்சி தெருவிலும் மற்ற ஒலிக்கருவிக் கடைகளிலும் உடனே கிடைப்பவை யமஹா, பெரிங்கர், மேக்கி, சவுண்ட்கிராஃப்ட் போன்றவற்றின் பொது மிக்ஸர்கள். ஒலிப்பதிவுக்கு இவை போதும்; எங்கள் இரண்டாவது அறையில் இன்றும் ஒரு பொது மிக்ஸரே இருக்கிறது. வாங்கும்போது படத்தை மட்டும் பார்த்துவிடக் கூடாது. யமஹாவின் எம்.ஜி.10எக்ஸ்.யூ. மாதிரியில் ஃபேடரே கிடையாது, ஒலி அளவுக்கும் சுழல் குமிழ்தான். அதற்கு அடுத்த எம்.ஜி.12எக்ஸ்.யூ. மாதிரியில் 60 மில்லிமீட்டர் ஃபேடர்கள் வருகின்றன. வானொலிக்கென்று செய்யும் பலகைகளில் 100 மில்லிமீட்டர் ஃபேடரே வழக்கம். இந்த நீளம் ஆடம்பரம் அன்று. ஒரு பாட்டை மெல்ல மெல்ல அடக்கிப் பேச்சுக்குள் நுழையும்போது விரலுக்கு அந்த இடம் வேண்டும்.

பாட்காஸ்ட்காரர்களுக்காக 2018இல் வந்த ரோட்காஸ்டர் ப்ரோ போன்ற பெட்டிகளை இப்போது பலரும் சிறு வானொலிக்கும் கேட்கிறார்கள். நான்கு மைக்குகள், கைபேசி இணைப்பு, தானே கழித்துக்கொள்ளும் மிக்ஸ் மைனஸ் எல்லாம் அதில் உண்டு. இணைய வானொலி நடத்தும் இளைஞர்களுக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன். நாள் முழுவதும் ஓடும் நிலையத்துக்குத் தயங்குவேன். ஏனெனில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஒரு சிறு பாகம் போனாலும் பெட்டி முழுவதும் கடைக்குப் போகும், நிலையம் ஊமையாகிவிடும்.

உண்மையான ஒப்பீடு இதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலைச் சேர்ந்த ஆலன் அண்டு ஹீத் நிறுவனத்தின் எக்ஸ்.பி. வரிசை, மேடை மிக்ஸரின் உடலில் வானொலியின் மூளையை வைத்தது போன்றது. எக்ஸ்.பி.-14இல் தொலைபேசிக்கென்றே இரண்டு வழிகள், தானியங்கி மிக்ஸ் மைனஸுடன் இருக்கின்றன. மைக் திறந்தால் ஒலிபெருக்கி அடங்கும். மேடை மிக்ஸரில் பழகியவர்களின் கை அதில் சீக்கிரம் படியும். நெதர்லாந்தின் டி அண்டு ஆர் நிறுவனம் சிறு நிலையங்களையே மனத்தில் வைத்துப் பலகை செய்கிறது. அதன் ஏர்மேட் எட்டு ஃபேடர் அளவிலான நிலையங்களுக்குப் பொருந்துவது. ஏரன்ஸ் மாதிரியில் கணினி மென்பொருளுக்கு நாமே வேலை ஒதுக்கிக்கொள்ளும் 24 பொத்தான்கள் உள்ளன. மவுஸைத் தேடாமல் ஒரே கையால் நிகழ்ச்சியை நடத்த முடிகிறது. தனி ஆளாக நேரலை நடத்துவோருக்கு இது பெரிய உதவி.

இங்கிலாந்திலேயே நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள சோனிஃபெக்ஸின் எஸ்2, தொகுதி தொகுதியாகக் கழற்றி மாட்டக்கூடிய பலகை. எனக்கு இந்த அமைப்பில் தனிப்பட்ட பற்று உண்டு. ஒரு மைக் வழி கெட்டுவிட்டால் அந்தத் தொகுதியை மட்டும் உருவி எடுத்து உதிரித் தொகுதியைச் செருகிவிடலாம். எட்டு மணிச் செய்தி எட்டு மணிக்கே போகும். விலை கூடுதல்தான். ஆனால் முழுப் பலகையையும் பெட்டியில் கட்டி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் செலவை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த அர்ராகிஸும், வட கரோலினாவில் உள்ள வீட்ஸ்டோன் நிறுவனம் ஆடியோஆர்ட்ஸ் என்ற பெயரில் செய்யும் எளிய பலகைகளும் இதே படியில் வைத்துப் பார்க்க வேண்டியவை. ஸ்பெயினின் ஏ.இ.க்யூ. நிறுவனம் ஃபோரம், கேபிடல் என்ற டிஜிட்டல் பலகைகளைத் தருகிறது.

இதற்கு மேலே உள்ள படி பெரிய நிலையங்களுடையது. அமெரிக்காவின் ஆக்சியா 2003இல் லைவ்வயர் என்ற முறையைக் கொண்டுவந்து, ஒலியைக் கணினி வலைக் கம்பியிலேயே அனுப்பத் தொடங்கியது. வீட்ஸ்டோனுக்கு வீட்நெட், ஜெர்மனியின் லாவோவுக்கு ரவென்னா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கிறது. லைப்சிக் நகரத்தின் டி.எச்.டி.யும் இந்தப் படியில் உள்ள நிறுவனமே. இத்தகைய அமைப்புகளில் மேசைமேல் இருக்கும் பலகை கட்டளை தரும் கருவி மட்டுமே. ஒலி, கருவிகளை அடுக்கும் ரேக்கில் உள்ள எஞ்சின் என்ற தனிப் பெட்டியில் கலக்கிறது. பலகையில் தேநீர் கொட்டினாலும் ஒலிபரப்பு அறுபடாமல் ஓடும். வெவ்வேறு நிறுவனங்களின் முறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 2013இல் ஏ.இ.எஸ்.67 என்ற பொதுத் தரம் வந்தது; இந்தப் படியில் வாங்குபவர்கள் அந்தப் பெயர் விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு அறைகளும் எட்டு வழிகளும் உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு இவ்வளவு வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

நிறுவனத்தின் பெயரை நம்பி மட்டும் வாங்கக் கூடாது என்பதற்கு ஸ்டூடர் ஓர் எடுத்துக்காட்டு. வில்லி ஸ்டூடர் 1948இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பலகைகள் உலகெங்கும் மதிக்கப்பட்டவை. பின்னர் அது ஹார்மன் குழுமத்துக்குச் சென்றது. 2021இல் கனடாவின் எவர்ட்ஸ் வாங்கிக்கொண்டது. கைமாறும் நிறுவனத்தின் பழைய மாதிரிகளுக்கு உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பயன்படுத்திய ஸ்டூடர் குறைந்த விலைக்கு வருகிறது என்று பாய்ந்துவிடாதீர்கள்.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

முதலில் இரைச்சல். 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மைக் கம்பியின் முனைக்குள் பற்றவைத்து எடுத்துச் செல்லுங்கள். அதை மைக் வழியில் செருகி, கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, 60 டெசிபல் வரை ஏற்றி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். விவரக்குறிப்பில் உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 128 டி.பி.யூ. (டெசிபலில் சொல்லும் மின்னழுத்த அளவு) என்று போட்டிருந்தால், இந்த நிலையில் வெளியே மைனஸ் 68 அளவுக்கு வர வேண்டும். மைனஸ் 120 உள்ள பலகையில் அது மைனஸ் 60க்கு ஏறிவிடும். எட்டு டெசிபல் வேறுபாடு காதுக்கே தெரியும். வானொலிக்காரர்கள் விரும்பும் டைனமிக் மைக்குகள் குறைந்த அளவே ஒலி தருவதால் இந்த 60 டெசிபல் கெயின் நமக்கு அன்றாடத் தேவை. அதே கெயினில் மைக் பக்கத்தில் ஒரு கைபேசியை வைத்து அழைத்துப் பாருங்கள். சமுதாய வானொலியில் ஆன்டெனா பெரும்பாலும் அதே கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே நிற்கும். கைபேசிக்கே இரையும் பலகை அதன் கீழே நிம்மதியாக இருக்காது.

அடுத்து, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஒரு ஸ்டீரியோ வழியில் விட்டு, ஃபேடரை மிக மெதுவாக அடிவரை இறக்குங்கள். மானியில் இடமும் வலமும் சேர்ந்தே இறங்க வேண்டும். மலிவான ஃபேடர்களில் கடைசிக் கால் பங்கில் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். பாட்டு அடங்கும்போது ஒரு காதுப் பக்கம் சாய்வது கேட்கும். பிறகு ஆன் பொத்தானைப் பத்து முறை அழுத்திப் பாருங்கள். ஹெட்ஃபோனில் டிக் என்ற ஓசை வரக் கூடாது.

மூன்றாவது சோதனையைக் கடைக்காரர் விரும்பமாட்டார், விடாமல் செய்யுங்கள். எல்லா வழிகளையும் திறந்து வைத்துவிட்டு மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுக்கச் சொல்லுங்கள். பலகை எத்தனை விநாடியில் எழுகிறது, முன்பிருந்த அமைப்புகள் நினைவில் இருக்கின்றனவா, மைக்குகள் திறந்தே எழுகின்றனவா மூடி எழுகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்தடைக்குப் பின் திறந்த மைக்கோடு எழும் பலகை, அறையில் நடக்கும் பேச்சையெல்லாம் ஊருக்குக் கேட்கவைத்துவிடும்.

உப்புக் காற்றும் எர்த்தும்

வடசென்னையில் நிலையம் நடத்துபவர்கள் விவரக்குறிப்பில் இல்லாத ஒன்றையும் ஒப்பிட வேண்டும். எங்கள் பழைய மிக்ஸரை இரண்டாம் ஆண்டு திறந்தபோது, பின்பக்கத் திருகுகளின் தலைகள் துருவேறிச் செம்பழுப்பாக இருந்தன; ஃபேடர் தடத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்த பசையாகப் படிந்திருந்தது; பஞ்சுக் குச்சியால் தொட்டால் இழை இழையாக வந்தது. ஏற்றும்போது கரகரவென்று கேட்ட சத்தத்துக்குக் காரணம் அதுதான். கடற்காற்றின் உப்பும், எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓயாமல் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் சேர்ந்தால் எந்த நாட்டுப் பலகையும் இப்படித்தான் ஆகும். ஆகவே காற்றாடி இல்லாமல் ஓடும் பலகைக்கு முன்னுரிமை கொடுங்கள்; காற்றாடி வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் புழுதியைப் படியவைக்கும். ஃபேடரைத் தனியாகக் கழற்ற முடியுமா, திறக்க எத்தனை திருகு என்று கேளுங்கள். இரவில் குளிர்பதனத்தை நிறுத்தும்போது பலகையின் மேல் துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

பலகை வந்து சேர்வதற்குள் எர்த்தைச் சரிபார்த்துவிடுங்கள். கடலோர மண்ணில் எர்த் கம்பி வெகு விரைவில் அரித்துப்போகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எங்கள் கட்டடத்தில் அது அதைவிட வெகு கூடுதலாக இருந்தது. ஹெட்ஃபோனில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டது. கன்சோலைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போய்விட்டோம். புதிய எர்த் குழி தோண்டிய மறுநாள் உறுமல் நின்றது.

விலைப்புள்ளி கேட்கும்போது

பலகையின் விலையோடு சேர்த்து, ஒரு ஃபேடரின் விலை, மின்வழங்கியின் விலை, ஒரு மைக் தொகுதியின் விலை ஆகிய மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் உடனே பதில் தரும் விற்பனையாளரிடம் உதிரிபாகம் இருக்கிறது என்று பொருள். "அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் இல்லை என்று பொருள். உத்தரவாதக் காலத்தில் பழுது பார்ப்பவர் நிலையத்துக்கு வருவாரா, அல்லது பலகையை வேறு ஊருக்கு நாம் அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மின்சுற்று வரைபடம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். வரைபடம் இருந்தால் நம் பகுதியில் பல ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்த்து வரும் கைகளே அனலாக் பலகை ஒன்றை உயிர்ப்பித்துவிடும். டிஜிட்டல் பலகையில் அது நடப்பது அரிது. நான் இன்றும் சிறு நிலையங்களுக்கு அனலாக் பலகையைப் பரிந்துரைப்பது இதனால்தான். மாதிரி இன்னும் உற்பத்தியில் இருக்கிறதா என்பதைத் தயாரிப்பாளருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிட்டுப் பிறகு முன்பணம் கொடுங்கள்.

புதிய கன்சோல் வந்த பிறகு பழைய மிக்ஸரை விற்றுவிட வேண்டாம். ஒரு மைக்கையும் கணினியின் ஒரு வெளியீட்டையும் அதில் நிரந்தரமாக இணைத்து, டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் கம்பிக்கு முன்னால் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் சுவிட்ச் ஒன்றை மாட்டிவிடுங்கள். மாதம் ஒரு முறை, ஒலிபரப்பு முடிந்தபின், தொகுப்பாளர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சுவிட்சைத் தம் கையால் மாற்றிப் பழக வேண்டும். எங்கள் கூடத்தில் அது கதவுப் பக்கம், சிவப்பு வண்ணம் அடித்து, தொகுப்பாளரின் இருக்கையிலிருந்து கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருக்கிறது.